தீமைக்கும் ஒரு பங்கு

மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களுடைய இஃபா என்ற குறிகேட்கும் மரபில் மனிதனைத் தாக்கும் துன்பங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. இக்கு என்றால் மரணம். அருன், நோய். ஒஃபோ, இழப்பு. எக்பா, கைகால் முடங்கிப்போவது. ஒரான், வம்பு வழக்கு. எபே, சாபம். எவோன், விலங்கும் சிறையும். எட்டாவது எஸே: மேலே சொன்ன ஏழிலும் அடங்காத மற்றதெல்லாம். இந்த எட்டாவது பெயரைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வருகின்றன. அரசாங்கப் படிவத்தின் கடைசியில் ‘இதர’ என்று ஒரு கட்டம் விட்டிருப்பார்களே, அப்படி. துன்பத்தோடு நெடுங்காலம் பழகியவர்களுக்குத்தான் இந்த முன்னெச்சரிக்கை வரும்.

இந்த எட்டுப் பேரும் அஜோகுன் என்ற படையின் தலைவர்கள். மனிதன்மீது போர் தொடுப்பவர்கள் என்பது அந்தப் பெயரின் பொருள். இஃபா நூல்தொகுதியை வாய்மொழியிலிருந்து திரட்டி எழுதியவரும், தானே ஒரு பாபலாவோவுமான, அதாவது குறி சொல்பவருமான, வாண்டே அபிம்போலா இந்த அண்டத்தின் அமைப்பை விளக்கியிருக்கிறார். வலப்பக்கம் 401 ஒரிஷாக்கள், மனிதனுக்கு நன்மை செய்யக்கூடிய தெய்வங்கள். இடப்பக்கம் 201 அஜோகுன்கள். 400, 200 என்று நிறுத்தாமல் மேலே ஒன்றைச் சேர்த்திருப்பது கணக்கு முடியவில்லை என்பதற்காக. எந்தப் பக்கத்திலும் இன்னும் ஒருவர் வந்து சேரலாம்.

இடப்பக்கத்தாருக்கு எட்டுத் தலைவர்கள் இருக்கிறார்களே தவிர, அவர்களுக்கு மேலே ஒரு சாத்தான் கிடையாது. கடவுளை எதிர்த்துக் கலகம் செய்து வானிலிருந்து விழுந்த கதையும் கிடையாது. ஒலொடுமரே என்ற முழுமுதற் கடவுளின் உலகத்தில் அவர்களும் குடியிருப்பவர்கள்; அவர்களுக்கும் பசிக்கும்; அவர்களுக்கும் ஒரு பங்கு போய்ச் சேர வேண்டும். நல்ல கடவுள் ஆளும் உலகில் தீமை எப்படி வந்தது என்று வேறு மதங்களின் அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டிய கேள்வி இங்கே எழவே இடமில்லை. தீமை எங்கிருந்தும் வரவில்லை, முன்பே இருக்கிறது. வாசலில் வந்து நிற்கும்போது அதற்கு என்ன கொடுத்து அனுப்புவது என்பதுதான் பேச்சு. இந்த ஒரு மனநிலையிலிருந்து எவ்வளவு தெளிவும் எவ்வளவு கொடுமையும் கிளைத்திருக்கின்றன என்பதைத்தான் நான் இங்கே பார்க்க முயல்கிறேன்.

குறி கேட்கும் முறையிலேயே இந்த மனநிலை தெரியும். பாபலாவோவிடம் போகிறவர் தன் குறையை அவரிடம் சொல்வதில்லை. ஒரு காசை வாயருகே வைத்து அதனிடம் முணுமுணுத்துவிட்டுக் கீழே வைக்கிறார். பாபலாவோ எண்ணெய்ப்பனையின் 16 கொட்டைகளை ஒரு கையில் குவித்து மறு கையால் அள்ளுகிறார். ஒன்று மிஞ்சினால் தட்டில் பரப்பிய பொடியில் இரண்டு கோடு, இரண்டு மிஞ்சினால் ஒரு கோடு. இப்படி எட்டு முறை. அவசரமென்றால் எட்டு அரை ஓடுகள் கோத்த சங்கிலியை ஒரே வீச்சில் போட்டு முடித்துவிடலாம். எப்படிப் போட்டாலும் 256 ஓடுக்களில், அதாவது குறி வடிவங்களில், ஒன்று விழும். ஒவ்வொரு ஓடுவுக்கும் ஏராளமான பாடல்கள் உண்டு. பாபலாவோ மனப்பாடமாக அவற்றைச் சொல்லிக்கொண்டே போவார். எந்தப் பாட்டு தன் கதை என்பதை வந்தவர்தான் கண்டுகொள்ள வேண்டும். 1937-38இல் இலே-இஃபேயில் தங்கி இதையெல்லாம் பதிவுசெய்த அமெரிக்க மானுடவியலாளர் வில்லியம் பாஸ்கமை இந்தக் கடைசி அம்சம் மிகவும் கவர்ந்தது. அதில் வியப்பில்லை. குறி சொல்பவருக்குக் கேள்வியே தெரியாது. பதிலைத் தேர்ந்தெடுப்பவர் கேட்க வந்தவர்.

ஓடு விழுந்ததும் அடுத்த கேள்வி, அது இரேயோடு வந்திருக்கிறதா, இபியோடு வந்திருக்கிறதா என்பது. இரே நன்மை, இபி தீமை. எந்த ஓடுவும் பிறவியிலேயே நல்லதோ கெட்டதோ அல்ல. ஒரே குறி ஒருவருக்கு இரேயாகவும் அடுத்தவருக்கு இபியாகவும் விழும். நீண்ட ஆயுள், பணம், துணை, பிள்ளைகள், பகைவரை வெல்வது என்று இரேயில் ஐந்து வகை. இபி என்று விழுந்தால் எந்த இபி, யாரிடமிருந்து, எதைக் கொடுத்தால் விலகும் என்று படிப்படியாக இறங்கிப்போவார்கள். கையில் ஒளித்துவைத்த சோழியும் எலும்புத்துண்டும் ஆம், இல்லை என்று பதில் சொல்லும். ‘நான் என்ன பாவம் செய்தேன்’ என்ற கேள்வி இந்த வரிசையில் கடைசியாகத்தான் வருகிறது. பல நேரம் வருவதே இல்லை. துன்பப்பட்டவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமலே அவனுக்கு வழி சொல்லும் இந்த நாகரிகம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இஃபா பாடல்களின் கதையமைப்பு ஏறக்குறைய ஒரே அச்சு. முன்னொரு காலத்தில் இன்னார் குறி கேட்கப் போனார், எபோ, அதாவது படையல், செய்யச் சொன்னார்கள், செய்தார், பிழைத்தார். அல்லது செய்யவில்லை, பட்டார். அந்த இன்னார் மனிதராகவும் இருக்கலாம், மரமாகவும் பறவையாகவும் தெய்வமாகவும் இருக்கலாம். தெய்வங்களே குறி கேட்கப் போவதும், சொன்னதைக் கேட்காமல் அடிபடுவதும் சர்வசாதாரணம். இபிக்கு விலக்கானவர் எவருமில்லை.

எபோவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் எஷூ. வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் நடுவே போய்வரத் தடையில்லாதவர் அவர். குறித்தட்டின் விளிம்பில் அவருடைய முகம் செதுக்கியிருக்கும். வீட்டு வாசலிலும் சந்தையிலும் நாற்சந்தியிலும் செம்புறாங்கல் ஒன்றை நட்டுச் சிவப்புப் பாமாயிலை ஊற்றினால் அது எஷூ. யாருக்குப் படைத்தாலும் அவருக்கு ஒரு பங்கு எடுத்துவைக்க வேண்டும். வைக்காவிட்டால் படையல் போய்ச் சேராது. பாமாயில் அவருக்கு எவ்வளவு இஷ்டமோ, அதே பனங்கொட்டையின் பருப்பிலிருந்து எடுக்கும் அதின் என்ற எண்ணெய் அவ்வளவு ஆகாது. இதிலும் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறார்கள். பகையாளியைத் தொலைக்க நினைப்பவன் எஷூவின் கல்மீது அதினை ஊற்றி, ‘இதை ஊற்றியது இன்னான்’ என்று பகையாளியின் பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிடுவானாம். தெய்வத்திடமே பொய்ப்புகார் கொடுக்கலாம், தெய்வமும் நம்பிவிடும் என்று ஒரு மரபு ஒத்துக்கொள்கிறது என்றால், உலகில் நீதி நடக்கும் விதத்தை அது நன்றாகவே கவனித்திருக்கிறது.

இந்த எஷூதான் யொரூபா பைபிளில் சாத்தான் ஆனவர். அந்த மொழிபெயர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் சாமுவேல் அஜாயி க்ரௌதர். முழு பைபிள் 1884இல் முடிந்தது. இது பெருந்தவறு என்று பலர் எழுதிவிட்டார்கள். மெதடிஸ்ட் பாதிரியாராக இருந்த பொலாஜி இதோவுகூட 1962இல் வெளியிட்ட தன் ஒலொடுமரே நூலில், எஷூ புதிய ஏற்பாட்டின் பிசாசு அல்ல என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். என் கவனம் அந்தச் சொல்லைவிட அதைத் தேர்ந்தெடுத்த மனிதரிடம் போகிறது. 1821இல் ஒஷோகுன் என்ற ஊரை அடிமைவேட்டைக்காரர்கள் சூழ்ந்தபோது அஜாயிக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். தாயோடும் தங்கைகளோடும் பிடிபட்டான். ஒரு குதிரைக்கு மாற்றாக விற்கப்பட்டான். பிறகு கைமாறிக் கைமாறி லாகோஸ் கடற்கரைக்கு வந்தான். கழுத்தில் சங்கிலியோடு பிறருடன் பிணைக்கப்பட்டுக் கிடந்தான். வழியில் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ள முயன்றதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1822 ஏப்ரலில் ஏற்றப்பட்ட போர்த்துகீசியக் கப்பலைப் பிரிட்டிஷ் ரோந்துக்கப்பல் மடக்கியதால் ஃப்ரீடவுனில் இறக்கிவிடப்பட்டான். தாயை அவர் மறுபடி பார்த்தது 1846இல், அபெயோகுட்டாவில். 1864இல் ஆங்கிலிகன் சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயர் ஆனார்.

எட்டுத் தலைவர்களில் எவோனையும் ஒஃபோவையும் சிறுவயதிலேயே உடம்பால் அறிந்தவர் அவர். அப்படிப்பட்டவருக்குப் படையல் கொடுத்துச் சமாளிக்க வேண்டிய தீமையைவிட, ஒருநாள் முழுமையாகத் தோற்கப்போகிற தீமை அதிக ஆறுதல் தந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுபக்கம், அண்மைக்காலத்தில் ‘எஷூ சாத்தான் அல்ல’ என்று நைஜீரியாவில் இயக்கம் நடத்துகிறவர்கள் எஷூவைக் குளிப்பாட்டித் தூய்மையாக்கி, வெறும் தூதராகவும் ஒழுங்கின் காவலராகவும் ஆக்கிவிடப் பார்க்கிறார்கள். அதுவும் சரியில்லை. எஷூ நல்லவர்களையும் வம்புக்கு இழுப்பவர். இரண்டு நண்பர்களும் இரண்டு நிறத் தொப்பியும் என்ற கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதைவிடக் கனமான கதை ஒபாத்தாலாவின் கதை.

ஒபாத்தாலா வெள்ளையுடைத் தெய்வம், மனித உடல்களை வனைபவர், பொறுமையின் உருவம். தன் நண்பன், ஒயோவின் அரசன் ஷாங்கோவைப் பார்க்கப் போக ஆசைப்பட்டுக் குறி கேட்டார். போகாதே என்று விழுந்தது. போய்த்தான் தீருவேன் என்றார். அப்படியானால் மாற்றுத்துணி எடுத்துக்கொள், வழியில் யார் எதைக் கேட்டாலும் மறுக்காதே, முணுமுணுக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். வழியில் எஷூ பாமாயில் பானையோடு உட்கார்ந்திருந்தார். தலையில் தூக்கிவிடச் சொன்னார். தூக்கும்போது வெள்ளைத் துணியெல்லாம் எண்ணெயாக்கினார். ஒபாத்தாலா குளித்து, துணி மாற்றிக்கொண்டு, வாய் திறக்காமல் நடந்தார். மறுபடியும் எஷூ, இந்த முறை கரியோடு. அதற்கப்புறம் அதின் எண்ணெயோடு. ஒயோவை நெருங்கும்போது ஷாங்கோவின் காணாமற்போன குதிரை எதிர்ப்பட்டது. நண்பனிடம் சேர்ப்பிக்கலாமென்று பிடித்துக்கொண்டு வந்தார். குதிரைத் திருடன் என்று அடித்துச் சிறையில் தள்ளினார்கள் காவலர்கள். ஏழு வருடம். தான் யார் என்று அவர் சொல்லவில்லை.

அந்த ஏழு வருடமும் ஒயோவில் மழை இல்லை. பெண்கள் கருத்தரிக்கவில்லை. நோய் பரவியது. ஷாங்கோ கடைசியில் குறி கேட்டபோது, குற்றமற்ற ஒரு கிழவர் உன் சிறையில் கிடக்கிறார் என்று வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் நண்பன். ஊரே வெட்கப்பட்டு, வெள்ளை உடுத்து, தண்ணீர் கொண்டுவந்து அவரைக் குளிப்பாட்டி அனுப்பிவைத்தது.

இந்தக் கதையில் தீமை யாருடையது? எச்சரிக்கையை மீறியது ஒபாத்தாலா. வம்பு செய்தது எஷூ. விசாரிக்காமல் அடித்தது காவலர்கள். தெரியாமல் ஆண்டது ஷாங்கோ. எவரும் கெட்டவர் அல்ல. எல்லோரும் சேர்ந்து ஏழு வருடப் பஞ்சத்தைச் செய்து முடித்துவிட்டார்கள். தனி ஒருவனின் சிறைவாசம் ஊர் வயலின் வறட்சியாக மாறுகிற இடம்தான் எனக்கு முக்கியம். குறி கேட்கும் தனிமனிதனிடம் ‘உன் பாவம் என்ன’ என்று கேட்காத மரபு, அரசனிடம் ‘உன் சிறையில் யார்’ என்று கேட்கிறது. எவோனை மரணத்துக்கும் நோய்க்கும் சமமான இயற்கைச் சீற்றமாகப் பட்டியலில் வைத்தவர்கள், அது அரண்மனையிலிருந்தும் புறப்படும் என்று அறிந்தே இருந்தார்கள்.

ஒயோ பேரரசு 1830களில் உடைந்து, அந்த நூற்றாண்டின் பெரும்பகுதி உள்நாட்டுப் போர்களிலேயே கழிந்தது. பிடிபட்டவர்கள் கப்பல் கப்பலாகப் பிரேசிலுக்கும் கியூபாவுக்கும் போனார்கள். பிரேசிலின் சால்வடோர் நகரில் அவர்களை நாகோ என்று அழைத்தார்கள். அங்கே அவர்கள் எடுத்துச்சென்ற கதைகளில் சிறைப்பட்ட ஒபாத்தாலாவின் கதையும் ஒன்று. ஒபாத்தாலாவை ஒஷாலா என்றழைக்கும் பாயியாவின் கண்டோம்ப்ளே கோயில்களில் ‘ஒஷாலாவின் நீர்’ என்ற சடங்கு இன்றும் நடக்கிறது. விடியுமுன் வெள்ளையுடுத்த அடியார்கள் பேச்சின்றி வரிசையாகத் தண்ணீர் சுமந்து வந்து, சிறையிலிருந்து வந்தவருக்கு நீராட்டுகிறார்கள். 1888 வரை அடிமைமுறை சட்டப்படி நீடித்த நாட்டில், விலங்கு பூட்டப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கான தெய்வக்கதைகளில் இதை ஏன் இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றினார்கள் என்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஒபாத்தாலாவைப் பற்றி இன்னொன்று. உடல்களை வனையும்போது ஒருநாள் கள் அதிகமாகிவிட்டதாம். கை தடுமாறியது. கூனர்கள், குள்ளர்கள், வெண்தோலர்கள் அப்படிப் பிறந்தார்கள். முற்பிறவி வினை, பெற்றோர் செய்த பாவம் என்றெல்லாம் போகாமல், பிழை செய்தவர் கடவுள் என்று ஒத்துக்கொள்வதோடு கதை நிற்பதில்லை. அவர்கள் அந்தத் தெய்வத்துக்கே உரியவர்கள் ஆகிறார்கள். அவர்களைக் கேலி செய்யக்கூடாது. ஒபாத்தாலாவின் அடியார்கள் இன்றும் கள்ளைத் தொடுவதில்லை.

ஆனால் வாழ்நாள் முழுக்கத் துரத்தும் துரதிர்ஷ்டத்துக்கு, எந்தப் படையலுக்கும் அசையாத துரதிர்ஷ்டத்துக்கு, இந்த மரபு வைத்திருக்கும் பதில் வேறு. அது ஒரி. தலை என்று பொருள். பிறப்பதற்கு முன் ஒவ்வொருவரும் அஜாலா என்ற குயவனின் வீட்டுக்குப் போய்த் தன் தலையைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். அஜாலா திறமைசாலி, ஆனால் பொறுப்பற்றவன். ஊரெல்லாம் கடன். பாதித் தலைகள் சரியாகச் சுடப்படாதவை, கீறல் விழுந்தவை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

ஒகுண்டா மேஜி என்ற ஓடுவில் மூன்று நண்பர்கள் பூமிக்குப் புறப்பட்டு அங்கே போகிறார்கள். ஒகுனின் மகன் ஒரிசேக்கூ, இஜாவின் மகன் ஒரிலேமேரே, இஃபாவின் தெய்வமான ஒருன்மிலாவின் மகன் அஃபூவாபே. முதல் இருவரும் நேரே போய், குயவன் வீட்டில் இல்லாததால், கண்ணுக்கு அழகாக இருந்த தலைகளை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. பச்சை மண் கரைந்து கரைந்து உதிர்ந்தது. அஃபூவாபே வழியில் தந்தையைப் பார்க்கப் போனான். தந்தை குறி பார்த்து, உப்பும் காசும் எபோவில் சேர்க்கச் சொன்னார். அதில் ஒரு பங்கைக் கையோடு எடுத்துப் போனான். வாசல் காப்பவன் குழம்பில் உப்புக்குப் பதில் சாம்பல் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு உப்பைக் காட்டிக் கொடுத்தான். உள்ளே அஜாலாவின் வீட்டில் கடன் கொடுத்த ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். குயவன் பரண்மேல் ஒளிந்திருந்தான். அஃபூவாபே காசை எண்ணிக் கொடுத்துக் கடனை அடைத்தான். கீழே இறங்கிவந்த அஜாலா, இரும்புக்கம்பியால் ஒவ்வொரு தலையாகத் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்த ஒன்றை எடுத்துக் கொடுத்தான். மழை அதை ஒன்றும் செய்யவில்லை. பூமியில் அஃபூவாபேக்கு எல்லாம் விளங்கியது. மற்ற இருவரும் சம்பாதித்ததையெல்லாம் உதிர்ந்த தலையை ஒட்டுப்போடவே செலவழித்தார்கள். நாமும் ஒரே இடத்தில்தானே தலை எடுத்தோம் என்று அவர்கள் அழுதபோது, இடம் ஒன்றுதான், தலைகள் வேறு என்று பதில் கிடைத்தது.

நம்மில் ஒருவர் ஓடாய் உழைத்தும் தேறாமலிருப்பதற்கு, பரணில் ஒளிந்த ஒரு கடன்காரக் குயவன் காரணம் என்பதைவிட நேர்மையான விளக்கத்தை நான் படித்ததில்லை. இதில் பழியும் இல்லை, பாடமும் இல்லை. விதி என்று முழுக்கக் கைகழுவவும் முடியாது. தேர்ந்தெடுத்தவன் நீ, ஆனால் எது சுட்டது, எது சுடாதது என்று உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அஃபூவாபேயின் அதிர்ஷ்டம்கூட அவன் கெட்டிக்காரத்தனத்தால் வந்ததல்ல. அப்பா ஒரு பாபலாவோவாக இருந்ததால் வந்தது. அதைக் கதை மறைக்கவும் இல்லை.

இதுவரை சொன்னதை வைத்து, தீமையோடு பேசிப் பழகிய இந்த மரபு நிதானமானது, மனிதாபிமானமுள்ளது என்று யாராவது முடிவுகட்டினால், அவர்கள் ஷோப்போனாவைச் சந்திக்க வேண்டும். பெரியம்மையின் தெய்வம். பெயரை உரக்கச் சொல்ல அஞ்சி ஒபாலுவாயே, உலகின் அரசன், என்பார்கள். மாரியம்மனை அறிந்தவர்களுக்கு இதுவரை பழகிய பாதைதான். ஆனால் இவர் தாய் அல்லர், வரி வசூலிக்கும் மன்னர். பெரியம்மையில் இறந்தவருக்காக வீட்டார் அழக்கூடாது. அழுதால் அரசனின் தீர்ப்பை எதிர்த்ததாகும். நன்றி சொல்ல வேண்டும். கொன்றுவிட்டு நன்றியும் வாங்கிக்கொள்பவர் என்றே அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. பிணத்தைப் புதைக்கும் உரிமை அவருடைய பூசாரிகளுக்கு. இறந்தவரின் உடைமைகளும் அவர்களுக்கே.

எதிரே இருப்பது பசியுள்ள சக்தி, அதற்குப் பங்கு கொடுத்தே ஆகவேண்டும் என்று ஒத்துக்கொண்ட பிறகு, பங்கை வாங்கிக் கொடுக்கும் இடைத்தரகர் உருவாவதைத் தடுக்க முடியாது. ஃப்ரீடவுனில் பிறந்து லாகோஸில் பணியாற்றிய மருத்துவர் ஒகுன்டோலா சபாரா, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தன்னை வெளிக்காட்டாமல் அந்தப் பூசாரிகளின் கூட்டத்தில் சேர்ந்தார். பூசாரிகளில் சிலர் அம்மைப் பொருக்கைக் கொண்டு தாங்களே நோயைப் பரப்புகிறார்கள் என்று அவர் கொடுத்த தகவலை அடுத்துக் காலனிய அரசு அந்த வழிபாட்டைத் தடைசெய்தது. தடையால் தெய்வம் போகவில்லை. 1970இல் நைஜீரியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளியோடு நோய்தான் போனது. கியூபாவில் பபலு ஆயே என்ற பெயரில், புனித லாசரஸின் உருவத்துக்குள், டிசம்பர் 17ஆம் தேதி எல் ரின்கோன் கோயிலுக்கு முழங்காலில் ஊர்ந்து வருபவர்களை அவர் இன்றும் வரவேற்கிறார்.

கடைசியாக, பேசவே தயங்கும் வட்டாரம்: அஜே. சூனியக்காரி என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். ஊரில் அந்தப் பெயரைச் சொல்லாமல் ‘எங்கள் அன்னையர்’ என்பார்கள்; இரவில் பறவையாகப் பறப்பவர்கள் என்பதால் பறவையின் சொந்தக்காரிகள் என்றும் சொல்வார்கள். யொரூபா அரசர்களின் மணிமுடியில் கோத்திருக்கும் பறவைகள், அந்த அன்னையர் சம்மதம் இல்லாமல் யாரும் ஆளமுடியாது என்பதன் அடையாளம். எக்கிட்டிப் பகுதி நாட்டுமருத்துவர்களோடு நெடுநாள் உரையாடி பாரி ஹாலனும் ஜே. ஒலூபி சோடிப்போவும் 1986இல் வெளியிட்ட நூலில், அஜே என்பது பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை, கெட்டதாக இருக்க வேண்டுமென்பதும் இல்லை, அசாதாரண ஆற்றல் உள்ள ஆள் என்பதுதான் அடிப்படை என்று அந்த மருத்துவர்கள் விளக்கியிருக்கிறார்கள். குழந்தையைக் கொடுக்கும் சக்திக்குத் தான் கொடுத்ததை எடுத்துக்கொள்ளவும் தெரியும் என்ற பயம் அதற்கடியில் இருக்கிறது. பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்த வீட்டில் அந்தப் பயம் கிழவிகளின் முகத்தைத் தேடத் தொடங்கும்.

அந்தப் பயத்தோடு வாழ யொரூபாலாந்தின் மேற்குப் பகுதியும், இன்றைய பெனினில் உள்ள கெட்டுவும் கண்ட வழி கெலெடே. இரவில் எஃபே என்ற முகமூடிக்காரன் வந்து அன்னையரை வாழ்த்திப் பாடுவான். அடுத்த நிமிடமே ஊர்ப்பெரியவர்களின் ஊழலை நாறடித்துப் பாடுவான். மறுநாள் பகலில் ஆண்கள் பெண்வேடமிட்டு, மரத்தில் செதுக்கிய முகமூடியைத் தலைமேல் வைத்து, இணை இணையாக ஆடுவார்கள். முகமூடியின் முகம் அமைதியாக இருக்கும். அதன்மேல் பாம்பும் பறவையும் சந்தைக்காரியும் தையல் இயந்திரமும், பிற்காலத்தில் மோட்டார் சைக்கிளும்கூட இருக்கும். அன்னையர் பார்த்து ரசித்தால் ஊருக்கு இரே. 2001இல் யுனெஸ்கோ இதைப் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது.

1950-51இல் அதே வட்டாரத்துக்கு வேறொன்றும் வந்தது. கோல்ட் கோஸ்ட்டின் வடக்கில் தோன்றி டஹோமி வழியாக எக்படோ ஊர்களுக்குள் நுழைந்த அதிங்கா என்ற சூனியவேட்டை. கொக்கோ விலை ஏறிப் புதுப்பணம் புழங்கிய காலம். அதிங்காக்காரர்கள் ஊர் ஊராக அழைக்கப்பட்டார்கள். கிழவிகளையும் கையில் காசுள்ள சந்தைப் பெண்களையும் வரிசையில் நிறுத்திக் குற்றம் சாட்டினார்கள். வெட்டிய கோழி விழும் விதத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். ஒப்புக்கொள்ளவைத்துச் சுத்திகரிப்புக்குக் கட்டணம் வாங்கினார்கள். இளைஞர்கள் ஒரிஷா கோயில்களையே அடித்து நொறுக்கினார்கள். 1951இல் அரசு தடைவிதித்தது. நான் கவனிப்பது இதைத்தான்: தீமையைத் துடைத்தெறிந்துவிடலாம் என்ற நம்பிக்கை வந்தவுடன், அதற்கு ஒரு கிழவியின் உடம்பு தேவைப்பட்டது. அந்த நம்பிக்கை அதிங்காவோடு முடியவுமில்லை. லாகோஸ்-இபாதான் நெடுஞ்சாலையோரத்தின் பெரும் ஜெபநகரங்களில் இரவெல்லாம் நடக்கும் பிரார்த்தனைகளில் மரணம், நோய், இழப்பு, சாபம், வீட்டுக்குள் இருக்கும் பகை என்று அஜோகுன்கள் ஏறக்குறைய அனைவரும் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார்கள். ஆனால் பங்கு கொடுத்து அனுப்ப அல்ல, நெருப்பால் எரிக்க.

கெலெடேயை நான் லட்சியமாக்கவில்லை. அதற்கடியில் இருப்பதும் அதே பயம், அதே சந்தேகம். ஆடுவது ஆண்கள், பாட்டுக் கட்டுவது ஆண்கள். ஆனால் அந்தக் கூட்டத்தின் தலைமை இயாலாஷே என்ற பெண்ணுக்கு. கோயிலைக் காப்பதும், அன்னையருக்கும் ஊருக்கும் நடுவே பேசுவதும், ஆட்டத்துக்கு அனுமதி தருவதும் அவள். யாரை நினைத்து இரவில் ஊர் நடுங்குகிறதோ அவர்கள் தரப்பிலிருந்து ஒருத்தியைத் தலைவியாக வைத்துக்கொண்டுதான் திருவிழாவை நடத்துகிறார்கள். அவள் சம்மதம் சொல்லாமல் முரசடிக்கிறவன் கோலைக் கையில் எடுப்பதில்லை.